நாயின் உடலுக்குள் குருதி கசியும்போது



இன்றைய சொற்பொழிவின் பொருள், நாயின் உடலுக்குள் நிகழும் குருதிப்போக்கு. தோல் கிழியாமல், தரையில் ஒரு துளியும் சிந்தாமல், வயிற்றறையிலோ மார்பறையிலோ குடலிலோ மூட்டிலோ குருதி கசிந்து தேங்குவதையே இப்பெயர் குறிக்கிறது. நாயின் பாதத்தில் கண்ணாடித் துண்டு குத்திக் குருதி வழிந்தால் வீடே பதறி எழுந்து துணியையும் மருந்தையும் தேடி ஓடுகிறது. அதே நாய் வயிற்றுக்குள் அரை லிட்டர் குருதியை இழந்து மூலையில் சுருண்டிருந்தால், வெயிலுக்குச் சோர்ந்திருக்கிறது என்று சொல்லி மின்விசிறியைப் போட்டுவிட்டு வீடு தன் வேலையைப் பார்க்கப் போகிறது. பாதத்துக் காயம் பெரும்பாலும் உயிருக்கு ஊறு செய்வதில்லை. வயிற்றுக்குள் நிகழும் கசிவோ விடிவதற்குள் உயிரை எடுத்துவிடக்கூடும்.

இவ்வாறு நேரும் சாவுகளின் பின்னணியை ஆராய்ந்தால் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்: "நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது." வண்டியில் அடிபட்ட நாய் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தது; நன்றாகத்தான் இருந்தது. எலி மருந்தைத் தின்ற நாய் மூன்று நாள் ஓடியாடித் திரிந்தது; நன்றாகத்தான் இருந்தது. ஒருமுறை மயங்கி விழுந்த முதிய நாய் மறுநாள் எழுந்து சோறு தின்றது, நன்றாகத்தான் இருந்தது. வளர்த்தவர் பொய் சொல்லவில்லை. நாயின் உடல் அவ்வாறே காட்டியது. ஏன் அவ்வாறு காட்டுகிறது? நன்றாகத் தோன்றும் அந்த இடைவெளியில் உள்ளே என்ன நடக்கிறது? அதை வெளியிலிருந்து கண்டுகொள்ள வழி உண்டா? இவற்றுக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. நாயின் உடலில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லி லிட்டர் குருதி ஓடுகிறது. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு லிட்டரைக்கூட எட்டாத அளவே மொத்தச் செல்வம். அதில் பத்தில் ஒரு பங்கு போனால் உடல் தாங்கிக்கொள்ளும். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிப் போய்விட்டால், உறுப்புகளுக்குப் போதிய குருதியும் உயிர்வளியும் சென்று சேராமல் உடல் முழுவதும் நிலைகுலையும் அதிர்ச்சி நிலை உருவாகும். அதாவது, 300 மில்லி லிட்டர் குருதி வயிற்றுக்குள் தேங்கினால் அந்தச் சிறு நாயின் உயிர் ஊசலாடத் தொடங்கும். ஆனால் அந்த அளவு நீர்மம் வயிற்றை வெளிப்பார்வைக்கு உப்பச் செய்யும் என்று சொல்ல இயலாது. வயிறு உப்பவில்லையே என்று ஆறுதல் கொள்வோர் இந்தக் கணக்கை மனத்தில் இருத்த வேண்டும்.

குருதி குறையத் தொடங்கியதும் உடல் சும்மா இருப்பதில்லை. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தோல், காது, பாதம், குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் நாளங்கள் சுருங்கிக்கொண்டு, இருக்கும் குருதியை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகின்றன. நாய்க்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அதன் மண்ணீரல், வயிற்றின் இடப்பக்கத்தில் நாக்கைப்போல் நீண்டு கிடக்கும் உறுப்பு, சிவப்பணுக்களைச் சேமித்து வைத்திருந்து, நெருக்கடி வரும்போது சுருங்கி அவற்றை ஓட்டத்திற்குள் அனுப்பிவிடுகிறது. இதனால்தான், அடிபட்ட ஒரு மணி நேரத்தில் எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனையில் சிவப்பணுக்களின் பங்கு, நலமுள்ள நாய்க்குரிய 37 முதல் 55 விழுக்காட்டுக்குள்ளேயே நிற்கக் காண்கிறோம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். முதல் அறிக்கை சரியாக இருக்கிறது என்பதற்காக நாயை வீட்டுக்குத் திருப்பி அழைத்துச் செல்வது அறிவுடைமை ஆகாது. சில மணி நேர இடைவெளியில் அதே பரிசோதனையை மீண்டும் செய்யும்போதே வீழ்ச்சி புலப்படும். அதற்கும் முன்னதாகக் குறைவது குருதியில் உள்ள புரதத்தின் அளவு என்பதால், அனுபவமுள்ள மருத்துவர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்.

உடல் இவ்வாறு ஈடுகட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் நாய் நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிறது. ஈடுகட்டும் ஆற்றல் தீர்ந்துபோகும்போது சரிவு படிப்படியாக வருவதில்லை; கால் தள்ளாடி, உடல் குளிர்ந்து, நாடி நூலிழையாகி, சில நிமிடங்களில் எல்லாம் கைமீறிவிடுகிறது.

அவையோரே, இந்த ஏமாற்றத்தின் மிகக் கொடிய வடிவம் மண்ணீரல் கட்டியில் காணப்படுகிறது. ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரிட்ரீவர், லாப்ரடார் போன்ற பெரிய நாய்கள் முதுமையை நெருங்கும்போது, இரத்த நாளச் சுவரின் உயிரணுக்களிலிருந்து எழும் ஹீமாஞ்சியோசார்கோமா என்னும் புற்று மண்ணீரலில் வளர்வதுண்டு. அந்தக் கட்டி வலிப்பதில்லை. நாயின் பசியையும் நெடுநாள் கெடுப்பதில்லை. குருதி நிறைந்த மெல்லிய சுவருடைய அது ஒருநாள் சிறிதளவு வெடிக்கிறது. நாய் திடீரென்று கால் மடங்கி விழுகிறது, ஈறு வெளுக்கிறது, மூச்சு வாங்குகிறது. சற்று நேரத்தில் வெடிப்பின் வாயைக் குருதிக்கட்டி அடைத்துக்கொள்ள, கசிவு நின்றுவிடுகிறது. வயிற்றறைக்குள் கொட்டிய குருதியில் ஒரு பகுதியை அந்த அறையின் உட்சவ்வும் நிணநீர் நாளங்களும் அடுத்த இரண்டொரு நாளில் உறிஞ்சி மீண்டும் ஓட்டத்தில் சேர்த்துவிடுகின்றன. நாய் எழுகிறது, வாலை ஆட்டுகிறது, சோறு தின்கிறது. வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். எது தேறியது? கட்டி அங்கேயே இருக்கிறது. அடுத்த வெடிப்பு எப்போது, எவ்வளவு பெரிது என்பது மட்டுமே மிச்சமுள்ள வினா.

ஆகவே, முதிய நாய் ஒன்று காரணமின்றி ஒருமுறை மயங்கி விழுந்து எழுந்தால், அது தேறிவிட்டது என்பதையே வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கப் போதிய காரணமாகக் கொள்ள வேண்டும். மண்ணீரல் இல்லாமல் நாய் வாழ முடியும். அறுவையில் அதை முழுமையாக அகற்றிவிடுகிறார்கள். மண்ணீரல் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீயவை, அத்தீயவற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் புற்று என்பது கால்நடை மருத்துவ வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. புற்றாக இருந்தால் அறுவைக்குப் பின்னும் வாழ்நாள் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அதே கணக்கு, மூன்றில் ஒரு கட்டி தீங்கற்றது என்றும் சொல்கிறதல்லவா? வெறும் குருதிக்கட்டியும், தீங்கற்ற முடிச்சும், புற்றும் ஸ்கேன் திரையிலும் அறுவை மேசையிலும் ஒன்றுபோலவே தோன்றும். திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே வேறுபாடு தெரியும். அந்த முடிவு வருமுன், புற்றாகத்தான் இருக்கும் என்ற அச்சத்தால் மட்டும் நாயைக் கைவிடுவது அவசர முடிவு.

சரி, கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு காண்பது? மருத்துவக் கருவி ஏதுமின்றி, வளர்ப்பவர் தம் விரல்களாலும் கண்களாலும் அறியக்கூடிய அடையாளங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது ஈறு. மேலுதட்டை மெல்லத் தூக்கினால் தெரியும் ஈறு, நலமுள்ள நாய்க்கு இளஞ்சிவப்பாக ஈரத்துடன் இருக்கும். குருதி குறையும்போது அது வெளிறி, பின் வெண்மையாகும். விரலால் ஈற்றை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும்; திரும்பத் தாமதமானால் ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். இராஜபாளையம் போன்ற வெண்ணிற நாய்களில் இதைப் பார்ப்பது எளிது. நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுத்திருக்கும். அவற்றில் கீழிமையை மெல்லக் கீழே இழுத்து உட்புறச் சவ்வின் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஈறு மஞ்சள் பூத்து, சிறுநீர் கரும்பழுப்பாக இருந்தால், அது பெரும்பாலும் குருதி கசிவதைக் காட்டிலும் சிவப்பணுக்கள் உள்ளுக்குள்ளேயே சிதைவதைக் குறிக்கும். பபேசியா என்னும் உண்ணி நோயில் அவ்வாறு ஆகிறது. அதற்கும் உடனடி மருத்துவம் வேண்டும்.

அடுத்து இதயத்துடிப்பு. இடது முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னே மார்பில் உள்ளங்கையை வைத்தால் துடிப்பு தெரியும். தொடையின் உட்புறத்தில் நடுவே விரல்களை வைத்தால் நாடி கிட்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு வந்துவிடும். ஓய்விலிருக்கும் பெரிய நாய்க்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரையும், சிறிய நாய்க்கு 140 வரையும் இயல்பெனக் கொள்ளலாம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் லாப்ரடாருக்கு 160 துடித்தால் அது களைப்பு ஆகாது. தூங்கும்போதோ அமைதியாகப் படுத்திருக்கும்போதோ நிமிடத்திற்கு 30-க்கு மேல் மூச்சு வாங்குவதும், காதும் பாதமும் குளிர்ந்திருப்பதும், படுத்த இடத்தைவிட்டு எழ மறுப்பதும், மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுப்பாக இருப்பதும், அடிவயிற்றில் முடி குறைந்த இடத்தில் சிவப்புப் புள்ளிகளோ நீலத் திட்டுகளோ தெரிவதும், இருமலில் குருதி படிவதும், அடிபடாமலே மூட்டு வீங்கி நொண்டுவதும் அதே வரிசையில் சேர்பவை.

இவை அனைத்துக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. நலமாக இருக்கும்போது தன் நாயின் ஈறு எந்த நிறம், துடிப்பு எத்தனை என்பதை அறியாதவருக்கு, மாற்றம் வந்த நாளில் அது மாற்றம் என்றே தெரியாது.

இனி, தமிழ்நாட்டு வீடுகளில் இந்தக் குருதிப்போக்கை வரவழைக்கும் காரணங்களுள் சிலவற்றைப் பார்ப்போம் என்று தொடங்கினால், முதலில் நிற்பது எலி மருந்து. கடைகளில் கேக் வடிவில் விற்கப்படும் எலி மருந்துகள் பலவற்றில் இருப்பது புரோமடையோலோன் என்னும் வேதிப்பொருள். அது நாயின் வயிற்றைப் புண்ணாக்குவதில்லை, வலிப்பை உண்டாக்குவதில்லை. குருதி உறைவதற்கு வேண்டிய பொருள்களைக் கல்லீரல் ஆக்குவதை மட்டும் தடுக்கிறது. கல்லீரல் அப்பொருள்களுள் நான்கை ஆக்குவதற்கு வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடல் புதுப்பித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது. நஞ்சு அந்தப் புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறது. ஏற்கெனவே குருதியில் இருக்கும் உறைபொருள்கள் தீரும்வரை எதுவும் வெளியே தெரிவதில்லை. அவை தீர்வதற்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதன்பின், சிறு உராய்வில் கசிந்த குருதியும் நிற்பதில்லை. பெரும்பாலும் மார்பறைக்குள் அது சேர்கிறது. வந்து நிற்கும் நாய்க்கு இருமலும் மூச்சுத்திணறலுமே இருக்கும். சளி பிடித்திருக்கிறது என்று வீட்டார் எண்ணிக்கொள்வார்கள்.

இந்த நஞ்சின் வரலாறு கேட்கத் தக்கது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவிலும் மாடுகள் காரணமின்றி உள்ளுக்குள் குருதி கசிந்து மடிந்தன. கொம்பு சீவியதற்கும் காயடித்ததற்கும் குருதி நிற்காமல் இறந்தன. கனடியக் கால்நடை மருத்துவர் பிராங்க் ஸ்கோஃபீல்டு, பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலே காரணம் என்று கண்டறிந்தார். 1933-இன் பனிக்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், இறந்த கிடாரியையும், உறையாத குருதி நிறைந்த பால் கேனையும், கெட்ட வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் மேடிசன் நகருக்கு வந்து, பல்கலைக்கழக வேதியியலர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடக் கதவைத் தட்டினார். அந்த வைக்கோலிலிருந்து குருதி உறைவதைக் கெடுக்கும் பொருளைப் பிரித்தெடுக்க லிங்க்கின் குழுவினருக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவும், 1950களில் மனிதருக்குக் குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தாகவும் புழக்கத்துக்கு வந்தது. எலிகள் வார்ஃபரினுக்குப் பழகிப் பிழைக்கத் தொடங்கியபோது, அதனினும் வலிய, உடலில் வாரக்கணக்கில் தங்கும் இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் உருவாக்கப்பட்டன. இன்று கடையில் இருக்கும் புரோமடையோலோன் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது.

வாரக்கணக்கில் தங்கும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. அதை மருத்துவர் சொல்லும் அளவில், கொழுப்புள்ள உணவுடன் சேர்த்து, மூன்று நான்கு வாரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும். நன்றாகத்தான் இருக்கிறது, இனி மருந்து எதற்கு என்ற எண்ணம் எழும். அங்கே நிறுத்திவிட்டால் உடலில் மிச்சமிருக்கும் நஞ்சு மீண்டும் வேலையைத் தொடங்கும். பிழைத்த நாய் இரண்டாம் முறை குருதி கசிந்து இறக்கும். மருந்து முடிந்து 48 மணி நேரம் கழித்து உறைதல் பரிசோதனை செய்து, அது சரியாக இருந்த பின்னரே ஆபத்து நீங்கியதாகக் கொள்ள வேண்டும். மருந்துக் கடையில் வைட்டமின் கே என்று கேட்டு வாங்கி வேறு வடிவத்தைக் கொடுப்பதும் பயன் தராது. கே3 இந்த நஞ்சை முறிப்பதில்லை. எலி மருந்துகள் அனைத்தும் ஒரே வகையும் அல்ல. கறுப்புத் தூளாக விற்கும் துத்தநாக பாஸ்பைடும், பசையாக விற்கப்பட்டுவந்த மஞ்சள் பாஸ்பரசும் முற்றிலும் வேறு வழியில் கொல்பவை. அவற்றுக்கு இந்த வைட்டமின் முறிவு மருந்தாகாது. ஆகவே, நாய் தின்றது எது என்பதைச் சொல்லும் அட்டைப்பெட்டியோ காகிதமோ, கிழிந்திருந்தாலும், நாயுடன் மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். நாய் அதைத் தின்றதைக் கண்ணால் கண்டவர் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் சில மணி நேரத்தில் மருத்துவர் வாந்தி வரவழைத்துவிட்டால் நஞ்சின் கணிசமான பகுதி வெளியேறிவிடும். வீட்டில் உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த உப்பே நாயின் மூளையைத் தாக்கிக் கொல்ல வல்லது என்பதால், அது கைவிடப்பட வேண்டிய வழக்கம்.

உண்ணியும் இதே வேலையைச் சத்தமின்றிச் செய்கிறது. பழுப்பு நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா கேனிஸ் என்னும் நுண்ணுயிரை 1935-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முதன்முதலில் இனங்கண்டார்கள். அது இரத்தத் தட்டணுக்களை, அதாவது கிழிந்த நாளத்தின் வாயை முதலில் ஓடிச்சென்று அடைக்கும் நுண்ணிய துகள்களை, அழித்துக் குறைக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் மோப்ப நாய்கள் நூற்றுக்கணக்கில் மூக்கிலிருந்து குருதி வழிந்து மடிந்தபோதுதான் உலகம் இந்நோயின் கொடுமையை முழுதாக உணர்ந்தது. அவற்றுள் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. இந்நோயிலும் நடுவே ஒரு மௌனக் காலம் உண்டு. முதற்காய்ச்சல் தணிந்தபின் நாய் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், நலமாகத் தோன்றும்; தட்டணுக்கள் மட்டும் குறைந்துகொண்டே இருக்கும். நலமுள்ள நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து லட்சம் தட்டணுக்கள் இருக்க, அவை முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று இறங்கும்போது அடிபடாமலே குருதி கசியும். நான்கு வாரம் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளின் என்னும் மலிவான மருந்து பெரும்பாலான நாய்களைக் காக்கும். தாமதித்து எலும்பு மஜ்ஜை வறண்டுபோன பின் எந்த மருந்தும் பெரிதாக உதவுவதில்லை. ஆண்டு முழுவதும் உண்ணி மருந்து போடுவது செலவு என்று கருதுவோர், மஜ்ஜை வறண்ட நாயைக் காக்க ஆகும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோட்டமும் வயலும் சூழ்ந்த வீடுகளில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நாயைத் தீண்டுகின்றன. இவ்விரண்டின் நஞ்சும் குருதியின் உறைபொருள்களை முழுவதும் செலவழித்துத் தீர்த்துவிடுகிறது. இதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்த்தால், உறையாமல் ஓடும் குருதியே நோயைச் சொல்லிவிடும். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், இவ்விரு விரியன்கள் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்க வல்லது. அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் எடுத்து அளித்துவருகிறது. கடித்த இடத்தைக் கீறுவதும் இறுகக் கட்டுவதும், உறையும் தன்மையை இழந்த உடலில் மேலும் ஒரு காயத்தை உண்டாக்குவதாகும்.

இன்னும் இரண்டு காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். மனிதருக்கான வலிநிவாரணிகளான டைக்குளோஃபெனாக்கும் இபுபுரோஃபெனும் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிக் குருதி கசியச் செய்கின்றன. நொண்டும் நாய்க்கு வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கும் அன்பு அதைக் கொல்லக்கூடும். குட்டிகளின் குடலில் கடித்துத் தொங்கும் கொக்கிப்புழுக்கள் ஒரு குட்டியின் குருதியையே வற்றச் செய்யும். குடற்புழு மருந்தை உரிய வாரத்தில் கொடுத்தால் அந்தச் சாவு நிகழாது.

இனி, அந்த நேரம் வந்துவிட்டது என்று கொள்வோம். ஈறு வெளுத்திருக்கிறது, துடிப்பு விரைந்திருக்கிறது, நாய் எழ மறுக்கிறது. என்ன செய்ய வேண்டும்? முதலில் தொலைபேசி. எந்த மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கும், அங்கே ஸ்கேனும் குருதி ஏற்றும் வசதியும் உண்டா என்பதை நலமான நாளிலேயே விசாரித்து எண்ணைக் குறித்து வைத்திருக்க வேண்டும். புறப்படும்போதே அழைத்துச் சொன்னால் அங்கே மேசை தயாராக இருக்கும். நாயை நடக்க விடலாகாது. பலகையிலோ, கெட்டியான போர்வையில் இருவர் நான்கு முனைகளைப் பிடித்தோ தூக்க வேண்டும். வயிற்றை அழுத்தித் தூக்கினால் அடைத்துக்கொண்டிருக்கும் குருதிக்கட்டி விலகிவிடும். மூச்சுத்திணறும் நாய் தனக்கு ஏற்ற நிலையை அதுவே தேர்ந்துகொள்ளும். அதைப் பக்கவாட்டில் படுக்கவைக்க வற்புறுத்தக் கூடாது. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால் மென்துணியால் வாயைக் கட்டலாம். ஆனால் மூச்சு வாங்குகின்ற, வாந்தி எடுக்கின்ற நாய்க்குக் கட்டக் கூடாது. உடல் குளிராதபடி லேசாகப் போர்த்தினால் போதும். வெந்நீர்ப் பை வைத்தால் தோலின் நாளங்கள் விரிந்து, மூளைக்குப் போக வேண்டிய குருதி தோலுக்குத் திரும்பிவிடும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தண்ணீர் புகட்டக் கூடாது, சோறு ஊட்டக் கூடாது. அறுவை தேவைப்பட்டால், வயிற்றில் இருப்பது மயக்க மருந்தின்போது மூச்சுக்குழாயில் ஏறக்கூடும். வலி மாத்திரை கொடுக்கக் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த ஒன்றினால் இறந்த நாய்கள் பல.

மருத்துவமனையில் நடப்பதையும் வளர்ப்பவர் சிறிது அறிந்திருந்தால் முடிவெடுப்பது எளிதாகும். வயிற்றின் நான்கு இடங்களில் ஸ்கேன் கருவியை வைத்து, நீர்மம் தேங்கியிருக்கிறதா என்று சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். இருந்தால், மெல்லிய ஊசியால் சிறிது எடுத்துப் பார்ப்பார்கள். அவ்வாறு எடுத்த குருதி குழாயில் உறையாமல் நின்றால், அது உடலறைக்குள் முன்னரே கொட்டிக் கிடந்தது என்று பொருள்; அறைக்குள் கிடந்த நேரத்தில் அதன் உறைபொருள்கள் செலவாகிவிட்டிருக்கும். வண்டியில் அடிபட்டுக் கசியும் நாய்கள் பலவற்றுக்கு அறுவையே தேவைப்படுவதில்லை. அசையாமல் வைத்துக் கண்காணித்தால் கசிவு தானே நின்றுவிடுகிறது. எலி மருந்து தின்ற நாயைக் காரணம் அறியாமல் அறுத்தால் அது மேசையிலேயே இறக்கும். வெடித்த கட்டிக்கோ அறுவையே வழி. இந்த மூன்றையும் பிரித்தறியச் சிறிது நேரமும் சில பரிசோதனைகளும் வேண்டும் என்பதால், அவற்றுக்கு மருத்துவர் கேட்கும் செலவை வீண் என்று எண்ணலாகாது. சிரை வழியாக ஏற்றும் உப்பு நீரும் அளவோடுதான் ஏற்றப்படும். அளவு மீறினால் அழுத்தம் கூடி, அடைபட்ட இடம் மறுபடி திறந்துகொள்ளும், எஞ்சிய உறைபொருள்களும் நீர்த்துப்போகும்.

இழந்த குருதிக்கு உப்பு நீர் ஈடாகுமா? ஒருபோதும் ஆகாது. உயிர்வளியைச் சுமந்து செல்லச் சிவப்பணு வேண்டும். அது இன்னொரு நாயின் உடலிலிருந்தே வர வேண்டும். ஓர் உயிரின் குருதியை மற்றோர் உயிருக்கு ஏற்றிப் பிழைக்கவைக்க முடியும் என்பதை உலகம் முதலில் கண்டதே நாய்களிடத்தில்தான். 1660களில் ஆக்ஸ்போர்டில் மருத்துவர் ரிச்சர்டு லோயர், குருதி இழந்து துவண்ட நாயை வேறொரு நாயின் குருதியால் எழுப்பிக் காட்டினார். நாயின் குருதியில் பல வகைகள் உண்டு என்றாலும், மனிதரைப்போல் பிறவியிலேயே வலுவான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அதற்கு இல்லாததால், உயிர் போகும் நெருக்கடியில் முதன்முறை ஏற்றும் குருதியை அது பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. இரண்டாம் முறைக்குப் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கான இரத்த வங்கி இருக்கிறது. வங்கி இருந்தால் போதுமா? கொடுக்கும் நாய்கள் வேண்டாமா? 25 கிலோவுக்கு மேல் எடையும், ஒன்று முதல் எட்டு வயதுக்குள் அகவையும், தடுப்பூசி முறையாகப் போட்ட உடலும், அந்நியர் தொட்டால் பதறாத குணமும், உண்ணி நோய் இல்லை என்ற பரிசோதனை முடிவும் உள்ள நாய் ஏறத்தாழ 450 மில்லி லிட்டர் குருதியைத் தர முடியும்; சில வாரங்களில் அதன் உடல் அதை ஈடுசெய்துகொள்ளும். அந்த ஒரு பையைச் சிவப்பணுவாகவும் பிளாஸ்மா என்னும் நீர்மப் பகுதியாகவும் பிரித்துவிட்டால், சிவப்பணு மண்ணீரல் வெடித்த நாய்க்கும், உறைபொருள்கள் நிறைந்த பிளாஸ்மா எலி மருந்து தின்ற நாய்க்கும் போய்ச் சேரும். சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் ஏறத்தாழ ஐந்து வாரம் மட்டுமே வைத்திருக்க முடியும் என்பதால், ஒருமுறை திரட்டிய இருப்பு நெடுநாள் நிற்காது. இந்த அவையில் நலமுள்ள லாப்ரடாரையும் இராஜபாளையத்தையும் ஷெப்பர்டையும் வளர்ப்போர் பலர் இருக்கக்கூடும். அவர்கள் தம் நாயை அடுத்தமுறை தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லும்போது, அது குருதி கொடுக்கத் தகுதியுடையதா என்று மருத்துவரைக் கேட்டு, தகுதியிருந்தால் பெயரைப் பதிவுசெய்து வர வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.